பேரெல்லாம் ஓடி முடியும்வரை

கல்யாணப் பந்தியில் பிரதமன் பாயசம் வருவதற்கு முன்னால் இலையை மடக்கிய மனிதர், நான் அறிய, எங்கள் குலசேகரத்தில் அவர் ஒருவர்தான். பருப்பும் பப்படமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து உண்பார். சாம்பாருக்கு இரண்டாம் தடவை சோறு வாங்குவார். அடைப்பிரதமன் வாளி பந்தியின் அந்த மூலையில் மணக்க ஆரம்பிக்கும்போது இந்த மூலையில் எழும்பிவிடுவார்.

"ஏய், இரிடே! பிரதமன் இன்னா வருது!" என்று பந்தி விளம்புகிறவர்கள் கத்துவார்கள்.

"நேரமாச்சு, வண்டி எடுக்கணும்."

கையைக் கழுவி, மீசையைத் துடைத்து, கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்து, போய்விடுவார். அந்தப் பிரதமனை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரியும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமாக அப்படி ஒரு பிரதமனை விட்டுவிட்டுப் போக ஒருவனுக்கு மனசு வருமா? எனக்கு வராது. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகும் வரவில்லை.

கவர்மெண்ட் பஸ் டிரைவர் அவர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அனுவுக்குப் பிடிக்காது. அனு அவருடைய மகள். என் வீட்டை ஒட்டி, ரப்பர் ஷீட் அடுக்கிவைக்க என் வீட்டுக்காரர் கட்டிய ஒரு அறை இருந்தது. ரப்பர் விலை விழுந்த பிறகு அதையே நீட்டி, அடுக்களை சேர்த்து, வாடகைக்கு விட்டோம். அவரும், அவர் மனைவி லதாவும், கையில் ஒட்டிக்கொண்டு அனுவும் வந்தார்கள். எத்தனை கழுவினாலும் அந்தச் சுவரில் ரப்பர் பால் நாற்றம் போகாது. "நாத்தமா மாமி? எனக்கு டீசல் மணம்தான் தெரியும்" என்று சிரித்தார். அன்றைக்கே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கு ஸ்டே பஸ். சாயங்காலம் கிளம்பும் கடைசி வண்டி மலை மேல் ஒரு ஊரில் போய் நிற்கும். இரவு அங்கேயே கிடந்து, விடிந்ததும் முதல் வண்டியாகத் திரும்பி வரும். டிரைவரும் கண்டக்டரும் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்ப வேண்டும். அதனால் எங்கே போனாலும் அவருக்கு ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அம்மன் கோயில் வில்லுப்பாட்டில் கதை சூடு பிடித்து, இனி சண்டைதான் என்று எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்காரும்போது அவர் மட்டும் பின்னால் செருப்பைத் தேடுவார். டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

"லேய், உனக்க கல்யாணத்துல தாலி கெட்டினது நீதானா? இல்ல, வண்டி எடுக்கப் போயிட்டியா?"

இதை லதாவிடம் வந்து சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "தாலி கெட்டினாரு மாமி. போட்டோ எடுக்கப் பாத்தாத்தான் ஆளைக் காணல்ல."

என் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்கு எல்லாக் காரியமும் ஓடி ஓடிப் பார்த்தவர் இவர்தான். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குக் கட்டன்சாயா, எல்லாம். தூக்குகிற நேரத்தில் தேடினால் ஆள் இல்லை. மறுநாள் காலையில் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மாமி, மாமாவுக்கு எனக்க வண்டி நேரம் தெரியும்லா" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். வீட்டில் சாவு விழுந்த மறுநாள் ஒருத்தி சிரித்தாள் என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும்.

அவர் பாதியில் விட்டுவிட்டுப் போகிற எல்லாவற்றுக்கும் மிச்சத்தைச் சொல்ல ஒரு ஆள் இருந்தது. அதுதான் அனு. ராத்திரி வண்டிக்குப் போனவர் காலையில் வந்து, காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "மிச்சத்த நீ சொல்லு மக்கா" என்பார். அனு ஆரம்பிப்பாள். வில்லுப்பாட்டானாலும் டிவி படமானாலும் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆனாலும், கடைசியில் நடந்ததை அவள்தான் சொல்ல வேண்டும். தலையணையைத் தூக்கி எறிந்து, கட்டிலில் இருந்து சாடி, வில்லன் மாதிரி முழி பிதுக்கி, அவள் சொல்கிற அழகைக் கேட்கவே நான் பக்கத்து வீட்டிலிருந்து சாயா கிளாசோடு வந்துவிடுவேன். அவரும் வாயைப் பிளந்து கேட்பார். "உள்ளதா?" "பின்ன?" "செத்துட்டானா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருப்பார். வேறு யாராவது முடிவைச் சொல்ல வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "எனக்கு எனக்க மோளு சொல்லித் தந்தா போரும்" என்பார். இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்?

ஒரு விண்வெளிப் படத்தின் முதல் பாகத்துக்கு மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது என்னையும் அழைத்தார்கள். வெளிநாட்டுப் படம், ஆனால் தமிழில் பேசினார்கள். என் கண்ணாடிக்கு மேலே இன்னொரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். ஒரு பாறை நேராக என் மூக்குக்கு வந்தது பாருங்கள், நான் குனிந்த குனியில் முன்சீட்டுக்காரன் மண்டையில் முட்டிவிட்டேன். "பாட்டி, அது படமாக்கும்" என்றான் அவன். படம் என்று எனக்குத் தெரியாதா? பாறைக்குத் தெரியுமா?

இவ்வளவு நாள் இப்படி ஒரு படம் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு ஆற்றாமையாகப் போய்விட்டது. ஒரு சந்திரன், அது முழுக்க உப்பு. கன்னியாகுமரி போகிற வழியில் உப்பளம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதைப் போல. அங்கே ஒரு பையனை அவன் அப்பா விட்டுவிட்டுப் போகிறார். போகும்போது விரலால் அவன் உள்ளங்கையில் ஒரு சூரியனை வரைகிறார். "இது மறையும் முன்னால் வந்துவிடுவேன்" என்கிறார். வரவில்லை. அந்தச் சூரியன்தான் பையனுக்குப் பலம். கையை விரித்தால் மலை உடையும், கப்பல் பறக்கும். வளர்ந்து பெரியவனாகி எத்தனையோ கோள்களைக் காப்பாற்றுகிறான்; ஆனால் எங்கே போனாலும் அப்பாவைத்தான் தேடுகிறான். ஊர்ப்பிள்ளைகள் அவனுக்குச் சூரியக்கையன் என்று பேர் வைத்திருந்தார்கள்.

கடைசிச் சண்டை தொடங்கியதும் இவர் எழும்பினார்.

"அப்பா, இப்பத்தானே காரியம் வருது! இரி!" அனு சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரமாச்சு மக்கா, வண்டி எடுக்கணும். மிச்சத்த நீ சொல்லு."

மறுநாள் அவள் சொன்னாள். தூரத்து நட்சத்திரம் ஒன்றிலிருந்து அப்பாவின் குரல் கேட்கிறது, 'மகனே, நான் இருக்கிறேன்' என்று. அத்தோடு படம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அனு கேட்டாள்:

"அப்பா, அவனுக்க அப்பா ஏன் திரும்பி வரல்ல?"

"ரெண்டாம் பாகத்துல வருவாரா இருக்கும்."

"அதுக்கும் நீ பாதியில போயிருவே."

அவர் அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்: "இல்ல மக்கா. ரெண்டாம் பாகத்துக்கு லீவு போடுவேன். உனக்க கூட கடைசி வர இருப்பேன். பேரெல்லாம் ஓடி முடிஞ்சு, லைட்டப் போட்டு, தூத்து வாருறவங்க வந்து 'எழும்பும் வே'ன்னு சொல்லுறது வர இருப்பேன். மாமி சாட்சி."

சாட்சிக்கு நான் சாயா கிளாசைத் தூக்கிக் காட்டினேன்.

அதன் பிறகு ஸ்டே பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அனுவின் உள்ளங்கையில் ஒரு சூரியன் வரைவார். "இது மாயுமுன்ன வந்திருவேன்" என்பார். அவள் அந்தக் கையில் தண்ணீர் படாமல் குளிப்பாள். வண்டி எங்கள் வீட்டு வளைவில் திரும்பும்போது ஹாரன் இரண்டு தடவை கேட்கும். அனு ஓடி வந்து மதிலுக்கு மேலே கையை விரித்துக் காட்டுவாள். ஒரு நாள் எனக்கும் வரைந்துவிட்டார். "மாமிக்கும் ஒண்ணு கெடக்கட்டு." அன்றைக்கு எனக்கு மீன் கழுவ மனசு வரவில்லை. லதாவைக் கழுவச் சொல்லிவிட்டு, சாளைக்கறிக்குத் தேங்காய் அரைக்கவும் அவளையே சொல்லிவிட்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். கடையில் சூரியக்கையன் முகமூடி வந்தபோது இரண்டு வாங்கிவந்தார். "ஒண்ணு எனக்க கண்டக்டருக்க பயலுக்கு" என்றார். சிப்ஸ் வாங்கினாலும் இரண்டு பொட்டலம். குடை வாங்கினாலும் இரண்டு. கூட வேலை செய்கிறவன் பிள்ளைக்கும் சேர்த்து வாங்குகிறாரே, என்ன மனசு என்று என் மகளிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பாகம் வந்தது. சந்தை முக்கில் போஸ்டர் ஒட்டினார்கள். சூரியக்கையனும், அவன் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் தாடியோடு அவன் அப்பாவும். எழுத்து வாசிக்கத் தெரியாத எனக்கும் அது புரிந்தது. அனு அன்றைக்கே குதித்தாள். இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த வாரம் லீவு கிட்டாது மக்கா." அடுத்த வாரமும் கிட்டவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டு வந்து கதை சொல்ல, அனு காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே ஓடியிருக்கிறாள். டீச்சர் லதாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது வலியா என்று கேட்டாராம்.

"ஏம்ட்டி, பாட்டிகூட போய்க் காணப்பிடாதா?" என்று நான் கேட்டேன். எனக்கும் ஆசை பொறுக்கவில்லை.

"அப்பா கடைசி வர இருப்பேன்னு சொல்லியிருக்காரு பாட்டி. நீதானே சாட்சி?"

போஸ்டருக்கு மேல் வேறு போஸ்டர் ஒட்டத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை அவர் கட்டம் போட்ட சட்டையும் வேட்டியுமாக வந்து நின்றார். "மாமி, கிளம்பும். இன்னைக்கு லீவாக்கும்."

மத்தியானக் காட்சி. நாங்கள் நாலு பேர். அனு அவர் பக்கத்தில், அவர் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் அருமை. சூரியக்கையன் அப்பாவைக் கண்டுபிடிக்கிறான். ஏன் என்னை விட்டுப் போனாய் என்று கேட்கிறான். "உன்னை ஒருவனை விட்டதால்தான் ஆயிரம் பிள்ளைகளை என்னால் காப்பாற்ற முடிந்தது" என்கிறார் அவர். எனக்கு வந்ததே கோபம்! அந்த ஆயிரம் பேரும் இவனிடம் வந்து கேட்டார்களா? நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காரியத்தைக் கவனித்தேன். கப்பல் வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அனுவின் காதை இவர் பொத்தினார். படத்தில் வருகிற ஒரு குள்ளன் தடுக்கி விழுவதற்கு முன்னாலேயே இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கண் அல்லவா, முன்கூட்டியே தெரியும்போல என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இவ்வளவு நரைத்த தலையை வைத்துக்கொண்டு.

கடைசியில் மகனைக் காப்பாற்ற அப்பா குறுக்கே விழுந்து, அந்த உப்புச் சந்திரனிலேயே புதைந்துபோகிறார். அனு ஓவென்று அழுதாள். அவள் அழுகை கேட்டு முன்னால் உள்ளவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"கரையாத மக்கா, கரையாத. அவரு சாவல்ல. இப்ப பேரெல்லாம் ஓடும். ஓடி முடிஞ்ச பெறவு பாரு, அந்த உப்புக்குள்ள ஒரு விரலு அனங்கும்."

அழுகை பட்டென்று நின்றது.

பேர்கள் ஓடின. எறும்பு வரிசை போல அது போய்க்கொண்டே இருந்தது. ஆட்கள் எழும்பிப் போனார்கள். நாங்கள் மட்டும் இருந்தோம். எல்லாம் தீர்ந்து இருட்டானது. பிறகு மறுபடியும் உப்புத் தெரிந்தது. உப்புக்குள்ளிருந்து ஒரு விரல் அசைந்தது. சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். நான் ஒருத்திதான் தட்டினேன்.

"அப்பா, நீ இத கண்டியா?"

"இல்ல மக்கா. டெப்போல ஒருத்தன் சொன்னான்."

"ஆரு சொன்னாலும் நீ காதப் பொத்துவேல்லா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ கண்டிருக்கே. பேரு ஓடி முடியிறது வர இருந்து கண்டிருக்கே. எனக்க கிட்டதானே சொன்னே, எனக்க கூடத்தான் கடைசி வர இருப்பேன்னு!"

பிள்ளையின் குரல் அப்படி உடைந்ததை நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன், பதறிப்போனார். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சத்தியமா நான் எழும்பத்தான் பாத்தேன் மக்கா" என்றார். "அவன் எனக்க மடியில கெடந்து உறங்கிப் போனான். அனக்கினா எழும்பிருவான்னுதான் நான் இருந்தேன்…"

அவ்வளவுதான் சொன்னார். திரையில் ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டார்கள்.

"எவன்?" என்றாள் லதா.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவன் மடியில உறங்கினான்?"

துடைப்பத்தோடு ஒரு அக்கா வந்து எங்கள் வரிசையில் நின்றாள். "எழும்புங்க, அடுத்த காட்சிக்குத் தூத்து வாரணும்" என்றாள். லைட் போட்டு, பெருக்குகிறவர்கள் வந்து எழுப்புகிறதுவரை. அவர் சொன்ன வாக்கு அப்படியே நடந்தது.

பிறகு தெரிந்தவை: புதுக்கடை என்கிற ஊரில் ஒரு வீடு. அங்கே ஒருத்தி. அனுவைவிட இளைய ஒரு பையன். ஸ்டே பஸ் ட்யூட்டியிலிருந்து இவரை மாற்றி வருஷக்கணக்காகிவிட்டது. ஹாரன் அடித்துப் போன அந்த வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் புதுக்கடைக்குப் போயிருக்கிறார். கூட வேலை செய்த கண்டக்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை. லதா அழுததை நான் பார்க்கவில்லை. அவருடைய சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, ஒரு பையில் போட்டு என் வராந்தாவில் கொண்டுவந்து வைத்தாள். "வந்தா கொடுத்திரும் மாமி. உள்ள விடாதிரும்." அத்தோடு ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அந்தப் பை என் கண்ணெதிரே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். என் வீட்டுக்காரரைத் தூக்கிய அன்றைக்கு உண்மையிலேயே இவருக்கு வண்டி இருந்ததா? இல்லை, அந்தப் பையனுக்குப் பிறந்தநாளோ என்னவோ? நான் சிரித்தேனே, அது எதற்குச் சிரித்த சிரிப்பு? எத்தனை கல்யாணம், எத்தனை பிரதமன். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். எது வண்டி, எது புதுக்கடை என்று பிரிக்க முடியவில்லை. என்னைவிட லதாவுக்குத்தான் நோவு அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதர் எனக்கும் கையில் சூரியன் வரைந்தவர் அல்லவா?

இப்போது மூன்றாம் பாகம் வந்திருக்கிறது. என் மகள் வீட்டுப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். எனக்கு அந்த ஆசை இன்னும் விடவில்லை. நர்சிங் படிக்கிற அனு லீவுக்கு வந்திருந்தாள். அந்தத் தாடிக்காரர் உப்புக்குள்ளிருந்து எழும்பி வருகிற இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். "எனக்கு வேண்டாம் பாட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு போதும் என்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்த இரண்டாம் பாகத்துக்குப் பிறகு அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். பள்ளிக்கூடம் விட்டு அனு வந்து சேர்ந்த நேரம். லதா கடையில் இருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று, "மக்கா" என்று கூப்பிட்டார். நான் அவர் சட்டைகள் இருந்த பையை எடுக்க எழும்பினேன். அனு புத்தகப்பையோடு கேட்டுவரை போய், திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

"நல்லா இருக்கியா மக்கா?"

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கேட்டுக் கம்பிக்குள் கையை நீட்டினார்.

"கையக் காட்டு."

அனு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் பின்னால் நின்றதால் எனக்குத் தெரிந்தது, விரல்களைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவனுக்கும் வரைவியா?"

எத்தனை வருஷம் எத்தனை பொய் சொன்ன வாய்! அன்றைக்கு ஒன்று சொல்லக்கூடாதா? இல்லை மக்கா, உனக்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை நம்பியிருக்காது. ஆனாலும் கையைக் காட்டியிருப்பாள். எனக்குத் தெரியும். அந்தச் சுருட்டிய விரல்கள் மெல்லத் தளர்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு மக்கா, வண்டி எடுக்கணும்."

அன்றைக்கு அவர் காக்கி போட்டிருக்கவில்லை. வேட்டியும், படத்துக்கு வந்த அன்றைக்குப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையும்தான்.